உயிர்ப்பு ஞாயிறுக்கு என்ன வைக்கலாம்?

"உயிர்த்த ஆண்டவர் கேட்டு வாங்கித் தின்னது மீனு. பிரியாணி இல்ல."

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் பாதி தாண்டியதும் என் மாமியார் இதைச் சொல்லத் தொடங்கிவிடுவார். அவருக்கு வயது 82. பேச்சுக்காகச் சொல்கிறவர் இல்லை. லூக்கா நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், ஆவியைப் பார்த்துவிட்டோம் என்று நடுங்கிக்கொண்டிருக்கும் சீடர்களிடம் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று இயேசு கேட்கிறார். அவர்கள் ஒரு துண்டு மீன் கொடுக்கிறார்கள். எல்லாரும் பார்த்திருக்க அதை வாங்கிச் சாப்பிடுகிறார். யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் இன்னும் விரிவாகவே வருகிறது. விடியற்காலை, திபேரியக் கடற்கரை, கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். வலையில் 153 மீன்கள். இரவெல்லாம் கடலில் கிடந்து களைத்து வந்தவர்களை அவரே சாப்பிடக் கூப்பிடுகிறார்.

தூத்துக்குடிக் கரையில் பிறந்த பெண்ணுக்கு இது வெறும் வாசகம் இல்லை. மாமியாரின் அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். வள்ளம் கரையேறும் நேரத்துக்குப் பிள்ளைகள் காத்துக்கிடப்பார்களாம். தென்னமட்டையைக் கொளுத்தி, அந்தத் தணலிலேயே சாளை மீனைச் சுட்டு, உப்பு மட்டும் தொட்டுத் தின்றதை அவர் சொல்லும்போது கையை இப்போதும் ஊதிக்கொள்வார். "எனக்குத் திபேரியா எங்க இருக்குன்னு தெரியாது. அந்த அதிகாரத்தை வாசிச்சா எங்க கரைதான் தெரியும்" என்பார்.

சரி, இந்த ஆண்டு, 2026இல், ஏப்ரல் 5 ஈஸ்டர். பதினெட்டுப் பேர் வருகிறார்கள். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். யார் யார் வருகிறார்கள் என்பது இரண்டு நிமிடத்தில் எழுதி முடிந்துவிட்டது. என்ன சமைப்பது என்பதை எழுத மூன்று வாரம் ஆகியிருக்கிறது. அந்த மூன்று வாரத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கிறிஸ்துமஸுக்கு என்ன சமைப்பது என்று எங்கள் வீட்டில் யாரும் இவ்வளவு யோசிப்பதில்லை. ஈஸ்டருக்கு யோசித்தாக வேண்டும். அது நோன்பு முடிந்து சாப்பிடும் சாப்பாடு.

திருச்சபைச் சட்டப்படி பார்த்தால் நோன்பும் புலால் தவிர்ப்பும் சேர்ந்து கட்டாயமாக உள்ள நாட்கள் இரண்டே: தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். நோன்பு 18 வயது முடிந்தவர்களில் தொடங்கி 59 வயது வரை உள்ளவர்களுக்கு. 82 வயதுக்காரருக்கு நோன்புக் கட்டாயம் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சட்டத்தைப் பார்த்து நோன்பு இருந்தவர்கள் இல்லை. நாற்பது நாளும் கறி கிடையாது என்பது மாமியாருக்கு அவருடைய அம்மா பழக்கியது. முட்டையும் கிடையாது. மீன் உண்டு, அதுவும் வெள்ளிக்கிழமை கிடையாது. எனக்கு அவ்வளவு உறுதி இல்லை என்றாலும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டுச் சமையலறையில் தவக்காலம் முழுக்கக் கறிச்சட்டி ஏறியதில்லை. என் பையன்கள் வெளியில் சாப்பிடுவார்கள், அது அவர்கள் பாடு. வீட்டில் இல்லை.

பெரிய வெள்ளியன்று கஞ்சி. பச்சரிசியும் சிறுபயறும் கொஞ்சம் தேங்காய்த் துருவலும் போட்டு, தொட்டுக்கொள்ள ஒரு துவையல். அன்றைக்கு ஒரே வேளைதான். மாலை வழிபாட்டுக்குப் போய், சிலுவையை முத்தி செய்துவிட்டு வந்து படுக்கும்போது வயிறு ஒட்டிப்போய் இருக்கும். சனிக்கிழமை பகலெல்லாம் அப்படியே ஒரு அமைதி. பெரிய வியாழன் இரவோடு கோயில் மணி நின்றுவிடும், மரத் தட்டையின் சத்தம்தான் கேட்கும். பிறகு சனிக்கிழமை இரவு, கோயில் முற்றத்தில் புது நெருப்பு மூட்டி, பாஸ்காத் திரியை அதில் ஏற்றி, இருட்டுக்குள் ஒவ்வொருவர் கைத்திரியாக வெளிச்சம் பரவிப் போகும். வாசகங்கள் நீளமாகப் போகும், பிள்ளைகள் மடியில் தூங்கிவிடும். 'உன்னதங்களிலே' பாட்டு தொடங்கியதும் எல்லா மணியும் ஒரே நேரத்தில் அடிக்கும், திரை விழும், வெளியே வெடிச் சத்தம். தூங்கிய பிள்ளைகள் அலறிக்கொண்டு எழுந்துகொள்வார்கள். நாற்பது நாளாகப் பாடாத அல்லேலூயா அன்றைக்குத்தான் திரும்பி வரும்.

வீட்டுக்கு வந்து சேரும்போது மணி ஒன்றரை, இரண்டு. அந்த நேரத்தில் என்ன சாப்பிடுவது என்பதில் மட்டும் எங்கள் வீட்டில் கேள்வியே கிடையாது. அவித்த முட்டை. சாயங்காலமே அவித்து வைத்துவிடுவோம். தோலுரித்து இரண்டாக வெட்டி, மிளகும் உப்பும் தூவி, கருப்பட்டிக் காப்பியோடு ஆளுக்கு ஒன்று. பழைய காலத்துத் திருச்சபையில் தவக்காலம் முழுக்க முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. கோழிக்கு நோன்பு தெரியுமா? அது இட்டுக்கொண்டேதான் இருக்கும். அப்படிச் சேர்ந்துபோன முட்டைகள்தான் ஈஸ்டர் முட்டையாக ஊருலகமெல்லாம் போயின. மற்ற தேசங்களில் சாயம் பூசுகிறார்கள், சாக்லேட்டில் செய்கிறார்கள். மாமியார் அதற்கு மிளகு தூவுகிறார். நாற்பது நாள் கழித்து அந்த மஞ்சள் கருவை வாயில் போடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு ஈஸ்டர் அந்த இடத்தில் வந்துவிடும்.

தூத்துக்குடியில் அந்த வாரம் பேக்கரிகளில் மக்ரூன் வாங்கக் கூட்டம் நிற்கும். அதுவும் முட்டைதான், வெள்ளைக் கருவும் முந்திரியும் சீனியும் அடித்துச் சேர்த்து, நுனி கூராக இருக்கும்படி சுட்டு எடுப்பது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் போகும்போது கட்டிக்கொண்டு போக அரைக் கிலோ, ஒரு கிலோ வாங்கி வைப்போம். இதிலும் யோசிக்க ஒன்றுமில்லை. யோசனையெல்லாம் ஞாயிறு மத்தியானத்தைப் பற்றித்தான்.

2024இல் நான் ஒரு தப்பு செய்தேன். அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 31. ஜனவரியில்தான் மூத்தவனுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மருமகள் திருநெல்வேலி, சைவக் குடும்பம். முட்டைகூடச் சாப்பிடாதவள். வந்த முதல் ஈஸ்டர், நாத்தனார் குடும்பம் நாகர்கோவிலிலிருந்து, கொழுந்தனார் குடும்பம் மதுரையிலிருந்து எல்லாரும் வருகிறார்கள். பெரிதாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்குத் திரும்பி வந்து யாரால் சமைக்க முடியும் என்று ஒரு சமையல் மாஸ்டரிடம் மட்டன் பிரியாணிக்குச் சொல்லிவிட்டோம். கூடவே கோழி வறுவல், கத்தரிக்காய்க் கட்டா, தயிர்ப் பச்சடி. மருமகளுக்குத் தயிர்ச்சாதமும் உருளைக்கிழங்கும் நான் செய்து வைத்தேன்.

பிரியாணி ஒரு மணிக்கு வர வேண்டியது இரண்டரைக்கு வந்தது. அடியில் நெய் தேங்கி நின்றது. நாற்பது நாள் கறியைப் பார்க்காத வயிறு, முந்தின நாளெல்லாம் பட்டினி, இரவு தூக்கம் இல்லை. பெரியவர்கள் நாலு வாய் எடுத்ததுமே இலையை மூடிவிட்டார்கள். மாமியாருக்குப் பல் இல்லை, துண்டு மெல்ல முடியவில்லை. சோற்றை மட்டும் ரசம் விட்டுக் கரைத்துக் குடித்தார். அண்ணனுக்குச் சர்க்கரை, நெய்யைப் பார்த்துப் பயந்து பச்சடியை மட்டும் சாப்பிட்டார். மூன்று மணிக்கு வீடே படுத்துவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்து பேசக்கூட இல்லை.

அதையெல்லாம்விட எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் வேறு. பாத்திரம் எடுக்க உள்ளே போனேன். மருமகள் அடுப்படியில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அங்க இடம் இல்லையாம்மா?" என்று கேட்டேன். "இல்லத்தை, எல்லாரும் ஒண்ணு சாப்பிடும்போது நான் மட்டும் வேற சாப்பிட்டா எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அதான் இங்க வந்துட்டேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முந்தின இரவு பாஸ்காத் திரியிலிருந்து வந்த வெளிச்சத்தை என் திரியிலிருந்து அவள் திரிக்கு நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். அடுத்த மத்தியானம் அவளை அடுப்படியில் உட்கார வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஈஸ்டர் சாப்பாட்டைப் பற்றி எனக்கு ஒரே கணக்குதான். எத்தனை வகை என்பது இல்லை. பந்தியில் உட்காரும் எல்லாரும் முதல் கையளவு ஒரே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். பல் இல்லாதவர், சர்க்கரைக்காரர், கறி தின்னாதவள், மூன்று வயதுக் குழந்தை, எல்லாரும். அதற்கப்புறம் அவரவருக்கு வேண்டியதை அவரவர் போட்டுக்கொள்ளட்டும்.

இதற்கு வழி மருமகள் வீட்டுச் சமையலில்தான் இருந்தது. சொதி.

திருநெல்வேலிச் சைவ வீடுகளில் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொதி வைப்பது வழக்கம். எங்கள் பையனுக்கும் வைத்தார்கள். அன்றைக்கு நானும் சாப்பிட்டேன், அருமையாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன், அவ்வளவுதான். 2025 தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மருமகள் அதையே எங்கள் வீட்டு அடுப்பில் வைத்தாள். இடியாப்பத்தில் ஊற்றி ஒரு வாய் வைத்ததும் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "ஏ பிள்ள, இது நம்ம இஷ்டு மாதிரில்லா இருக்கு. கறி மட்டும்தான் இல்ல."

ஆமாம். ஆட்டுக்கறி இஷ்டு எங்கள் பக்கத்தில் ஈஸ்டர், கிறிஸ்துமஸ் காலைகளில் ஆப்பத்துக்கோ இடியாப்பத்துக்கோ வைப்பது. மிளகாய்த்தூளும் மஞ்சளும் போடாமல், பட்டை, கிராம்பு, நசுக்கிய மிளகு, இஞ்சி, கீறிய பச்சைமிளகாய், நீளமாக அரிந்த வெங்காயம், உருளைக்கிழங்கு, கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால். சொதியும் தேங்காய்ப்பால்தான். மிளகாய்த்தூள் கிடையாது, வெள்ளையாக இருக்க வேண்டும். அறுபது கிலோமீட்டர்கூட இல்லாத இரண்டு ஊர்கள், இரண்டு சமயம், இரண்டு சமையலறை. நடுவில் ஒரே தேங்காய்.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. இடியாப்பம் எல்லாருக்கும். சொதி எல்லாருக்கும், முதலில் அதுதான். அதற்கப்புறம் கறி வேண்டியவர்களுக்கு இஷ்டு. இரண்டும் ஒரே நிறத்தில் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். திருநீற்றுப் புதனிலிருந்து பீடத்தில் பெரும்பாலும் ஊதாவைப் பார்த்துவிட்டு ஈஸ்டருக்கு வெள்ளைக்கு மாறுகிறோமே, அதுவும் எனக்கு மனதுக்குள் சேர்ந்துகொண்டது.

சொதி வைக்கப் பொறுமை வேண்டும். நான் கற்றுக்கொண்ட அளவில் சொல்கிறேன். தேங்காயைத் திருவி மூன்று பால் எடுக்க வேண்டும், மூன்றையும் தனித்தனியாக. நாலு பேருக்கு ஒரு பெரிய தேங்காய் என்று கணக்கு. பாசிப்பருப்பை லேசாக வறுத்துக் குழைய வேகவைத்துக்கொள்ள வேண்டும். சின்ன வெங்காயத்தையும் முழுப் பூண்டையும் வதக்கி, பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு, பச்சைப்பட்டாணியை மூன்றாம் பாலில் வேக விட வேண்டும். முருங்கைக்காய் சீக்கிரம் வெந்து பிளந்துவிடும் என்பதால் அதைக் கடைசியில் போட வேண்டும். இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுது, அப்புறம் இரண்டாம் பால், பருப்பு. எல்லாம் சேர்ந்து வந்ததும் தீயைக் குறைத்து முதல் பால். இனிமேல் கொதிக்கவே கூடாது. ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு இறக்கி வைத்துச் சூடு தணிந்த பிறகுதான். முதல் தடவை அவசரத்தில் அடுப்பிலேயே பிழிந்துவிட்டேன். மருமகள் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தேங்காய் உடைத்தாள்.

சொதிக்கு இஞ்சிப் பச்சடி கண்டிப்பாக வேண்டும். இவ்வளவு தேங்காய்ப்பாலும் செரிக்க இஞ்சி உள்ளே போயாக வேண்டும் என்று வைத்த ஏற்பாடு அது. இஞ்சி, புளி, வெல்லம், காரம், எல்லாம் சேர்ந்து கறுப்பாக, கொஞ்சமாக இலை ஓரத்தில். நோன்பு இருந்த வயிற்றுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றை யோசித்து வைத்திருக்க முடியாது. 2025இல் சம்பந்தியம்மா ஒரு பாட்டில் நிறையச் செய்து அனுப்பியிருந்தார். மேலே ஒரு சின்னச் சீட்டு: 'ஈஸ்டர் வாழ்த்துக்கள். கறி சாப்பிட்டவர்களுக்கும் இது நல்லது.'

அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 20. மாமியார் கேட்ட மீன் மட்டும் அமையவில்லை. எங்கள் கரையில் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிடும் காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017இலிருந்து 61 நாளாக ஆனது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்றாலும் அவர்கள் கொண்டு வருவதை ஊரே போட்டி போட்டு வாங்கும். ஈஸ்டரோ நிலவைப் பார்த்து வருவது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவு, அதற்கு அடுத்த ஞாயிறு. அதனால் மார்ச் 22இலிருந்து ஏப்ரல் 25க்குள் எங்கேயும் விழலாம். தூத்துக்குடிக்காரர்களுக்கு ஈஸ்டர் தேதி தெரிந்ததும் அடுத்த கேள்வி அது தடைக்காலத்துக்கு முன்னாலா உள்ளேயா என்பதுதான். 2022இல் ஏப்ரல் 17, தடைக்குள். 2023இல் ஏப்ரல் 9, வெளியே. 2025 உள்ளே. இந்த ஆண்டு வெளியே. 2028இல் ஏப்ரல் 16, மறுபடி உள்ளே.

மீன் இல்லை என்றதும் மாமியார் கொஞ்சம் முகம் வாடினார். "அதுவும் குட்டி போடட்டும். அதுக்கும் உயிர்ப்பு வேணும்லா" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

2025இன் அந்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கறி மட்டும் விடியற்காலையில் என் கணவர் கடையில் நின்று வாங்கி வந்தது. விளாத்திகுளம் பக்கத்துக் கொடி ஆடு. நெஞ்செலும்பும் தொடையும் கலந்து மூன்று கிலோ, மாமியாருக்காக மட்டும் தனியாகக் கால் கிலோ கொத்துக்கறி. இடியாப்பம் பிழியும் வேலையை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். கை வலிக்கும் வேலை, நாலு பேர் மாறி மாறிப் பிழிந்தார்கள். பன்னிரண்டரைக்கு எல்லாரும் உட்கார்ந்தோம். மருமகள் நடுவில், மாமியாருக்குப் பக்கத்தில். எல்லார் இலையிலும் இரண்டு இடியாப்பம், மேலே சொதி, ஓரத்தில் இஞ்சிப் பச்சடி. கொழுந்தனார் செபம் சொன்னார். அதற்கப்புறம் ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை, சாப்பிடும் சத்தம்தான். அண்ணன் இரண்டாவது தடவை சொதி கேட்டார். இஷ்டுச் சட்டி பாதிகூடக் காலியாகவில்லை, சொதிச் சட்டியை நாத்தனார் மகள் இடியாப்பத்தால் துடைத்துக்கொண்டிருந்தாள். மருமகளுக்கு மூன்றாவது கரண்டி இல்லை. இந்த முறை அவள் அடுப்படிக்குப் போய் உட்காரவில்லை, ஆனால் அவள் வீட்டுச் சாப்பாடு அவளுக்கே போதவில்லை.

யாரும் படுக்கவும் இல்லை. மூன்றரை மணிக்குத் தொலைக்காட்சியில் திருத்தந்தை பிரான்சிஸ் பேதுரு பேராலய மாடத்துக்கு வந்ததை எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். உடம்புக்கு முடியாமல், குரலே எழும்பாமல் ஈஸ்டர் வாழ்த்துச் சொன்னார். மறுநாள் திங்கள் மத்தியானம், மீந்த இஷ்டைச் சுண்ட வைத்துச் சோற்றில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் காலமான செய்தி வந்தது. மாமியார் கையைக் கழுவிவிட்டுச் செபமாலையை எடுத்துக்கொண்டார். அந்தச் சட்டி அன்றைக்கு அப்படியே இருந்துவிட்டது.

இப்போது இந்த ஆண்டுக்கு வருகிறேன். இடியாப்பம், சொதி, இஷ்டு, இஞ்சிப் பச்சடி என்று முதல் நாளே எழுதிவிட்டேன். மூன்று வாரம் போனது மீனில்தான். ஏப்ரல் 5, தடைக்காலத்துக்குப் பத்து நாள் முன்னால். மாமியாருக்கு இது தெரியும். தேதி வந்ததுமே எண்ணி வைத்துவிட்டார்.

என் தயக்கம் இரண்டு. ஒன்று, எங்கள் தெருவில் பெரிய வெள்ளிக்கு யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், ஞாயிறும் போக மாட்டார்கள். அப்படியானால் சனிக்கிழமை வருவதைத்தான் வாங்க வேண்டும். அன்றைக்கு வருவதும் கொஞ்சம்தான். பதினெட்டுப் பேருக்குச் சீலா வாங்குவதென்றால் பட்ஜெட்டும் இடிக்கும், ராத்திரி முழுக்க ஐஸில் வைத்த மீனை ஈஸ்டருக்கு வைக்க எனக்கு மனமும் இல்லை. இரண்டாவது, வாடை. இவ்வளவு பாடுபட்டு மருமகளை நடுவில் உட்கார வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே மீனைப் பொரித்து அடுக்கினால் என்ன அர்த்தம்? இஷ்டு வாடை பழகிவிட்டது என்கிறாள். மீன் வேறு. அவள் சொல்ல மாட்டாள் என்பதாலேயே நான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மாமியாரிடம் வெளிப்படையாகக் கேட்டேன். "மாமி, பந்தியில மீன் வைக்கணுமா? உங்களுக்கு மட்டும் காலையில ஒரு துண்டு பொரிச்சுத் தரட்டுமா?"

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பொரிக்க வேண்டாம். சீலாவும் வேண்டாம். சாளை போதும், சனிக்கிழமை வர்றது. மத்தியானமும் வேண்டாம். அவரு மத்தியானமா குடுத்தாரு? விடிய முன்னாடில்லா குடுத்தாரு. பூசை முடிஞ்சு வந்து முட்டை தின்னுவோம்ல, அப்ப முற்றத்துல சிரட்டைக் கரி போட்டு நாலு சாளைய வாட்டிக் குடு. அது போதும் எனக்கு."

இதை நான் யோசிக்கவே இல்லை. மூன்று வாரமாக மத்தியானப் பந்திக்குள் எல்லாவற்றையும் திணிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது ஆண்டவர் சீடர்களுக்குக் கொடுத்த நேரத்தில், கொடுத்த மாதிரி. கரி நெருப்பு, மீன், கரை. கரை மட்டும் எங்கள் முற்றம். சனிக்கிழமை சாயங்காலம் வாங்கிச் சுத்தம் செய்து உப்பும் மிளகும் தடவி வைத்தால் நடுராத்திரிக்குச் சரியாக இருக்கும், ஐஸ் பெட்டிக்குள் நாள்கணக்கில் கிடக்க வேண்டியதில்லை. சாளை விலையும் கையைக் கடிக்காது. கொழுப்புள்ள மீன், கரியில் தானாகவே எண்ணெய் விட்டு வேகும், பல் இல்லாதவரும் முள்ளை நீக்கி நாக்கில் வைத்துக் கரைத்துச் சாப்பிடலாம்.

மருமகளிடம் சொன்னேன். அவள் யோசித்தது வேறு விதமாக. "அத்தை, கரியடுப்பை வாசல் பக்கம் வைக்காதீங்க, கிணத்தடிக்கிட்ட வச்சிருங்க. ராத்திரி காத்து அந்தப் பக்கம் போயிரும். விசிறி நான் பிடிக்கேன், ஆச்சி குனிய வேண்டாம்." அவளுக்கு அந்த நேரத்தில் முட்டையும் இல்லை, மீனும் இல்லை. பூவன் பழமும் மக்ரூனும் எடுத்து வைக்கலாம் என்று நினைத்தேன், மக்ரூனிலும் முட்டை. என் கணவர்தான் சொன்னார், பனங்கிழங்கைக் கரியிலேயே வாட்டலாம் என்று. பனங்கிழங்குப் பருவம் முடியப் போகிறது, மார்ச் கடைசிக்குள் கிடைத்தால் உண்டு. கிடைக்காவிட்டால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அதே நெருப்பில் ஒரு பக்கம் கிழங்கு, மறுபக்கம் சாளை. தனித்தனிக் கம்பி வலை வாங்க வேண்டும். எழுதி வைத்தேன்.

தாள் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. அரிசி மாவு இரண்டு கிலோ. கறி இரண்டரை கிலோ போதும், போன முறை மீந்துபோனது. முட்டை இரண்டு டஜன். சாளை ஒரு கிலோ, அது எல்லாருக்கும் இல்லை, வேண்டியவர்களுக்கு ஒன்றிரண்டு. சிரட்டைக் கரி, பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். முருங்கைக்காய், பீன்ஸ், பட்டாணி சனிக்கிழமை காலை. இஞ்சி கால் கிலோ, பச்சடிக்குத் தனியாக. இடியாப்பத் தட்டு நாத்தனாரிடம் இரண்டு கொண்டு வரச் சொல்ல வேண்டும். தேங்காய் எட்டு, இஷ்டுக்கு மூன்று, சொதிக்கு ஐந்து என்று எழுதியிருந்தேன்.

இன்று காலை காப்பி போடப் போகும்போது பார்த்தேன். எட்டை அடித்துவிட்டுப் பக்கத்தில் பச்சை மையில் பத்து என்று மருமகள் எழுதியிருக்கிறாள்.